சிரமதானம் என்ற சொல்

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய்க் கரையில் ஒரு காலைப்பொழுதில் நடந்துகொண்டிருந்தபோது, மாணவர் சிலர் பிளாஸ்டிக் போத்தல்களையும் அறுந்த வலைத் துண்டுகளையும் சாக்குகளில் சேர்த்துக்கொண்டிருக்கக் கண்டேன். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம் விசாரித்தேன். "சிரமதானம் தம்பி. மத்தியானத்தோட முடிஞ்சிடும், படம் எடுத்துப்போட்டுப் போயிடுவாங்க" என்றார். ஏளனமாக அன்று, ஒரு தகவலாகவே சொன்னார்.

இலங்கைத் தமிழில் இன்று அச்சொல்லுக்குக் கூட்டித் துப்புரவு செய்தல் என்பதே பொருளாகிவிட்டது. அது இந்நாட்டில் வேரூன்றிய வரலாறு வேறு.

கொழும்பு நாளந்தாக் கல்லூரியில் சமூக சேவைச் சங்கம் ஒன்று இருந்தது. அங்கு விஞ்ஞானம் கற்பித்த இளம் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன, 1958 டிசம்பரில் ஏறத்தாழ 40 மாணவர்களையும் 12 ஆசிரியர்களையும் கனத்தொலுவ என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். சிங்களச் சமூகத்தில் தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்டிருந்த ரொடி மக்களின் ஊர் அது. நகரத்துப் பிள்ளைகள் அம்மக்களுடன் தங்கினர், சேர்ந்து உண்டனர், சேர்ந்து மண்வெட்டி பிடித்தனர். இதனை ஆரியரத்ன தொண்டு என்று கூறவில்லை, ஒரு கல்விப் பரிசோதனை என்றே கருதினார். கற்க வேண்டியவர்கள் மாணவர்களே என்பது அவரது எண்ணம். வினோபாவின் பூதானத்தில் நிலம் தானமானது; இங்கே தானமானது உழைப்பு. ஆனால் என் பார்வையில், அந்த முகாமில் மண்வெட்டியைவிடக் கனமானது சோற்றுக் கோப்பைதான்.

சாதியைப் பற்றிப் பேசும்போது நாம் தெற்கை மட்டும் சுட்டிக்காட்ட முடியாது. அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்னரே, 1924 இல், ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் தொடக்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தீண்டாமை ஒழிப்பைத் தன் குறிக்கோள்களுள் ஒன்றாக ஏற்றிருந்தது. 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்களே. எனினும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்றபோது, 1930 ஆம் ஆண்டளவில் எங்கள் குடாநாட்டில் பள்ளிக்கூடங்கள் எரிந்தன. மாணவர் தீர்மானத்துக்கும் ஊர் வழக்கத்துக்கும் இடையிலிருந்த தூரம் அவ்வளவு.

நாளந்தாவின் முகாம் பின்னர் சர்வோதய சிரமதான இயக்கமாக வளர்ந்தது. 1969 இல் ஆரியரத்னவுக்கு மக்சாய்சாய் விருது கிடைத்தது. 1972 இல் இயக்கம் நாடாளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. வெளிநாட்டு உதவி வந்தது, அலுவலகங்கள் வந்தன. பெருகிய எதற்கும் நேர்வதே இதற்கும் நேர்ந்தது: கல்லூரி மறைந்து நிறுவனம் முன்னே நின்றது.

ஒன்றை மட்டும் மறுக்கவியலாது. முதல் முகாம் நடந்தது, மே மாதத்துத் தமிழர் விரோத வன்செயல்களின் வடு ஆறாத 1958 இல். 1983 யூலைக்குப் பின், அதே ஆண்டு டிசம்பரில், கதிர்காமத்திலிருந்து நயினாதீவு நாகதீபம் வரை அமைதி நடை செல்ல ஆரியரத்ன புறப்பட்டார். ஜனாதிபதி ஜயவர்தன கேட்டுக்கொண்டதால் அந்நடை இடைவழியில் நின்றது. வடக்கை எட்டியிருந்தால் நம்மவர் எப்படி வரவேற்றிருப்பர் என்று பல தடவை எண்ணியதுண்டு. ஆரியரத்ன 2024 ஏப்ரலில் தமது 92 ஆவது வயதில் காலமானார்.

ஓலைத்தொடுவாயில் அன்று மாணவர்கள் சோற்றுப் பார்சல்களைக் கையோடு கொண்டுவந்திருந்தனர். பேருந்துக்குள் இருந்தே உண்டனர். முதியவரின் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது.