கடைத்தெருவின் மீட்டர்

பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய லெபோ பாசாரை நம் மூத்தோர் கடைத்தெரு என்றுதான் சொன்னார்கள். இன்று 'லிட்டில் இந்தியா' என்று பலகை வைத்திருக்கிறார்கள். மசாலா அரைக்கும் கடை, தையல் கடை, நகைக்கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. இவர்களிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டால் வாடகை, ஆள் பற்றாக்குறை, கரண்டு பில்லு என்ற மூன்றைத்தான் சொல்வார்கள். முதல் இரண்டைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. மூன்றாவதற்கும் ஒரு வரலாறு உண்டு.

ஜார்ஜ்டவுனில் மின் நிலையம் 1904-ல் தயாரானது. அந்த ஆண்டு முடிவதற்குள் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. இதைச் செய்தது நகராட்சி. விளக்கு, டிராம், 1925 முதல் டிராலி பஸ் என எல்லாமே அதன் கையில்தான். குப்பை அள்ளுவதும் கரண்டு விற்பதும் ஒரே நிர்வாகம். அது காலனிய நிர்வாகம், சாதாரணக் கடைக்காரரின் குரல் அங்கே எடுபட்டிருக்காது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆனால் நிலைமை மாறியது. மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நடந்தது. 1957 ஜனவரி 1-ல் ஊர் மாநகரமானது. அதன் மேயராக வந்தவர்களில் ஒருவர் தொழிற்கட்சியின் டி. எஸ். ராமநாதன். கரண்டு கொடுக்கும் மாமன்றத்துக்கு ஓட்டுப் போட்டவரும் கரண்டு பில் கட்டியவரும் ஒரே ஊர்க்காரர்கள். கட்டணம் கூடினால் அடுத்த தேர்தலில் கேட்கலாம். கேட்டார்களா, கேட்டது கிடைத்ததா என்பது வேறு விஷயம். கேட்பதற்கு ஒரு கதவு இருந்தது.

1965-ல் நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதை ஆராய்ந்த அதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்தல் திரும்ப வேண்டும் என்றது, அரசு ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதே 1976-ல்தான் பினாங்கின் மின்விநியோகமும் தேசிய மின்சார வாரியத்தின் கைக்குப் போனது. ஒரே வருஷத்தில் ஓட்டும் போச்சு, மீட்டரும் போச்சு. இரண்டையும் ஒருவர் திட்டமிட்டுச் சேர்த்துச் செய்ததாக நான் சொல்லவில்லை. விளைவு மட்டும் ஒன்றுதான்.

தேசிய வலைப்பின்னலால் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. தோட்டப்புறத்துக்கும் கம்பத்துக்கும் விளக்கு வந்ததற்கு நகரங்களின் தனி மின் நிலையங்கள் போதாது. 1990-ல் வாரியம் தெனாகா நேஷனல் நிறுவனமானது. எரிவாயுவைச் சலுகை விலையில் கொடுத்து அரசு மின்கட்டணத்தைத் தாழ்வாக வைத்திருந்தது. இந்தச் சலுகைக்குள் கடைத்தெருவும் நிழல் காய்ந்தது.

நிழல் விலகியது 2008-ல். ஜூலை 1 முதல் வணிக, தொழில்துறைக் கட்டணம் 26 விழுக்காடு ஏறியது. ஆறு நாள் கழித்து, ஜூலை 7-ல், ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. ஊரே கொண்டாடியது. 2000-ல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதால் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பழைய கடைவீடுகளில், பெருமையும் பில்லும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. 2014-ல் கட்டணம் சராசரியாக 15 விழுக்காடு வரை மறுபடி ஏறியது.

அரசு உதவவே இல்லையா? உதவியது. யாரைச் சிறியவர் என்று எண்ணியது என்பதுதான் கேள்வி. கோவிட் காலத்தில், 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதம், ஹோட்டல், சுற்றுலா நிறுவனம், பேரங்காடி போன்ற ஆறு துறைகளுக்கு 15 விழுக்காடு கழிவு. மற்ற வணிகத்துக்கு 2 விழுக்காடு. ஹோட்டலில் தங்குகிறவர் காலையில் எழுந்து சாப்பிட வருவது நாசி கண்டார் கடைக்கு. அந்தக் கடைக்கு இரண்டு, அவர் தூங்கிய ஹோட்டலுக்குப் பதினைந்து!

2023-ல் எரிபொருள் விலை ஏறியபோது அரசு நடந்துகொண்ட விதம் மேலானது. உயர் அழுத்த, நடுத்தர அழுத்த இணைப்புகளுக்கு யூனிட்டுக்கு 20 சென் கூடுதல். தாழ்வழுத்த இணைப்புள்ள கடைகளுக்கு 3.7 சென் மட்டும். கடைத்தெரு தப்பியது. ஆனால் தொழிலைப் பார்த்துக் கொடுத்த சலுகை இல்லை அது. கம்பியில் வரும் அழுத்தத்தைப் பார்த்துக் கொடுத்தது.

இப்படிக் கம்பியைப் பார்த்துக் கணக்குப் போடுவது என்ன செய்யும் என்பதை 2025 ஜூலை 1-ல் வந்த புதிய கட்டணம் காட்டுகிறது. ஒரு தையல் கடையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மெஷின், விசிறி, விளக்கு. மாதம் 100 யூனிட் என்று வைப்போம். முன்பு யூனிட்டுக்கு 43.5 சென், அதோடு 3.7 சென்: 47 ரிங்கிட் 20 சென். இப்போது யூனிட்டுக்கு 50.68 சென், மாதா மாதம் நிலைக் கட்டணம் 20 ரிங்கிட், 200 யூனிட்டுக்குள் இருப்பதால் யூனிட்டுக்கு 11 சென் கழிவு. கூட்டினால் 59 ரிங்கிட் 68 சென். ஏர்கோனும் குளிர்பெட்டிகளுமாக 3,000 யூனிட் எரிக்கும் சாப்பாட்டுக் கடைக்கு முன்பு 1,623 ரிங்கிட், இப்போது 1,540. மாதந்தோறும் மாறும் எரிபொருள் சரிக்கட்டலையும் மற்ற பிடித்தங்களையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது.

பெரிய கடைக்குக் குறைந்தது, சின்னக் கடைக்கு ஏறியது. பன்னிரண்டு ரிங்கிட்தானே என்று கேட்கலாம். பன்னிரண்டு ரிங்கிட்டில் கடை மூடிவிடாது. ஆனால் சிறியவருக்கென்று கழிவு வைத்தும், நிலைக் கட்டணம் அதைத் தின்றுவிட்டது. இந்தக் கணக்கைப் போட்டவர் கெட்ட எண்ணத்தில் போட்டிருக்க மாட்டார். தையல்காரரை அவர் பார்த்ததில்லை. மீட்டரை மட்டும் பார்த்தார்.

கரண்டை மறுபடி மாநகராட்சியே விற்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. 200 யூனிட்டுக்குள் இருக்கும் கடைக்கு அந்த 20 ரிங்கிட்டை நீக்கினால் தையல்காரரின் பில் 39 ரிங்கிட் 68 சென்னுக்கு இறங்கும். சின்னத் திருத்தம்தான். 1957-ல் என்றால் இதை எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது என்று கடைத்தெருவுக்குத் தெரிந்திருக்கும். இன்று பில்லின் பின்பக்கத்தில் ஒரு தொலைபேசி எண் இருக்கிறது.