ஒன்பது வாசகங்களும் ஒரு காத்திருப்பும்

நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளையும் உள்ளடக்கியது திருவருகைக் காலம். அதன் தொடக்கம் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் இன்றைய பிரான்ஸ் தேசப் பகுதிகளில் அனுசரிக்கப்பட்ட ஒரு நோன்பு. நவம்பர் 11ஆம் திகதி, புனித மார்ட்டின் திருநாளோடு அது தொடங்கும். ஆலயங்களில் இக்காலத்தில் ஊதா நிறம் இடம்பெறுவது அந்த நோன்பின் எச்சமே. கொண்டாட்டம் பிறகு வரும்; முதலில் காத்திருப்பு.

எங்கள் கல்லூரியில் படித்தவர்கள் நத்தாரைவிடத் திருவருகையையே நன்கு அறிவோம். மூன்றாந் தவணை டிசம்பர் முற்பகுதியில் முடிந்துவிடும். ஆகவே எங்கள் கரோல் ஆராதனையும் ஒளிவிழாவும் பாலன் பிறப்புக்கு முன்னரே நடந்துவிடும். விடுதி மாணவிகள் பெட்டி கட்டிவிட்டுத்தான் பாட வருவார்கள்.

அந்த ஆராதனையின் அமைப்பு இங்கிலாந்திலிருந்து வந்தது. 1880 டிசம்பர் 24ஆம் திகதி இரவு, ட்ரூரோ நகரில் பேராலயம் கட்டி முடியாதிருந்த காலத்தில், தற்காலிக மரக் கட்டடம் ஒன்றில் ஆயர் எட்வர்ட் வைட் பென்சன் ஒன்பது வாசகங்களும் கீதங்களும் கொண்ட வழிபாட்டை நடத்தினார். முதல் வாசகத்தைப் பாடகர் குழுச் சிறுவன் வாசிக்க, படிப்படியாக உயர்ந்து, கடைசி வாசகத்தை ஆயர் வாசிப்பது ஒழுங்கு. எங்கள் மண்டபத்தில் கீழ்ப்பிரிவுச் சிறுமி முதலில் வாசித்ததும் அதிபர் இறுதியில் வாசித்ததும் அந்த ஒழுங்கின்படியே.

இந்த வழிபாட்டை உலகறியச் செய்தது கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. 1918இல் அங்கு புதிதாகப் பொறுப்பேற்ற எரிக் மில்னர்-வைட், முதலாம் உலகப் போரில் படைக் குருவாகப் பணியாற்றித் திரும்பியவர். போர் ஓய்ந்து ஆறு வாரங்களில், பிள்ளைகளை இழந்த வீடுகள் நிறைந்த ஒரு தேசத்தில், இந்த ஆராதனையை அவர் ஆரம்பித்தார். அதன் ஆரம்ப மன்றாட்டில் ஏழைகளும் நோயாளிகளும் துயருறுவோரும் மரித்தோரும் நினைக்கப்படுகிறார்கள். 1928இல் பிபிசி இதை முதன்முதலாக ஒலிபரப்பியது. இரண்டாம் உலகப் போரின்போது ஆலயத்தின் பழைய வண்ணக் கண்ணாடிகள் கழற்றி ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. பாதுகாப்புக்காகக் கல்லூரியின் பெயரும் வானொலியில் சொல்லப்படவில்லை. ஆனாலும் பாடல் நிற்கவில்லை.

இவ்வரலாற்றை நாங்கள் பிற்காலத்தில்தான் படித்தோம். ஆனால் அதன் பொருளைத் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமன். ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரி ஏற்றிப் படித்த காலம் அது. மெழுகுதிரி ஆராதனை என்றால் ஒருவர் கையில் ஒரு துண்டுத் திரி. பாடி முடிந்ததும் அணைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம், பரீட்சைக்கு உதவும் என்று.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இடம்பெயர்வு தொடங்கியது. அந்தத் திருவருகைக் காலத்தில் எங்கள் மண்டபத்தில் ஆராதனை இல்லை. தென்மராட்சியில் தங்கிய இடங்களில் நாலைந்து பேராகக் கூடி, மனப்பாடமாயிருந்த கீதங்களைப் பாடினோம். பெத்லகேமுக்குப் போனவர்களுக்குத் தங்க இடம் கிடைக்காத அந்த வாசகத்துக்கு அவ்வருடம் விளக்கவுரை தேவைப்படவில்லை.

பாடியவர்களில் பலர் சைவப் பிள்ளைகள். இங்கு கரோல் பாடிய அதே குரல்கள் சில நாட்களில் மார்கழி விடியலில் கோயிலில் திருவெம்பாவை பாடின. இருட்டில் எழும்பி, வெளிச்சம் வருமுன் பாடுவது இரண்டுக்கும் பொது. எங்கள் கல்லூரி யாரையும் அதிலொன்றைத் தெரிவுசெய்யச் சொல்லவில்லை.

அந்த ஆண்டுகளில் காத்திருந்த எல்லோருக்கும் காத்திருந்தது கிடைத்துவிடவில்லை. வராத அண்ணனுக்காக இன்றும் வாசலைப் பார்க்கும் தோழிகள் எங்களுக்கு உண்டு. மருத்துவர்களாகிய எங்களில் சிலர் விடுதி வாசல்களில் காத்துநிற்கும் உறவினரைத் தினமும் காண்கிறோம். திருவருகை அவர்களுக்குப் பதில் சொல்வதில்லை. தனியே காத்திருக்க விடுவதுமில்லை.

கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் டிசம்பரில் கூடும் சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு தடுமாறலாம். இருந்தாலும் முதல் வாசகத்தை அங்குள்ள மிகச் சிறியவளிடம் கொடுங்கள். அவள் எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும்வரை எல்லோரும் காத்திருப்போம்.