டிஸ்னி ஸீக்கு ஒரு நாள்: உரயாசு மீனவர்களின் கடல்

வரும் அக்டோபரில் ஆபீஸ் வேலையாக டோக்கியோ போகிறேன். வேலை வெள்ளிக்கிழமை முடிகிறது, திரும்பும் விமானம் ஞாயிறு காலை. நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமை. பையனைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு மனைவியும் கூட வருகிறாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது. பையன் பிறந்த பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகும் முதல் வெளிநாட்டுப் பயணம் இது.

"என்னங்க, கோயில் கோபுரம்னு என்னை இழுத்துட்டுப் போகக் கூடாது. டிஸ்னி ஸீ மட்டும்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். என் பயணத் திட்டங்களால் அடிபட்டவள். நியாயம்தான்.

டோக்கியோவில் இரண்டு டிஸ்னி பூங்காக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 1983 ஏப்ரல் 15 அன்று திறந்தது டோக்கியோ டிஸ்னிலேண்ட். 2001 செப்டம்பர் 4 அன்று திறந்தது டிஸ்னி ஸீ. பின்னது முழுக்கக் கடலையும் துறைமுகங்களையும் வைத்துக் கட்டியது. நடுவில் ஒரு எரிமலை, சுற்றிலும் தண்ணீர், கரையில் இத்தாலியத் துறைமுகம், பழைய நியூயார்க், சிந்துபாத்தின் அரேபியா என்று ஏழு துறைமுகங்கள். 2024 ஜூன் 6 அன்று ஃபேண்டஸி ஸ்பிரிங்ஸ் என்று எட்டாவது சேர்ந்தது. குழந்தை குட்டி இல்லாமல் ஜோடியாகப் போகிறவர்களுக்கு டிஸ்னி ஸீதான் பொருத்தம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

சாஃப்ட்வேர்காரன் திட்டம் போட்டால் எப்படி இருக்கும்? எக்செல்லில்தான் இருக்கும். டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. நான் பார்த்தபோது ஒருவருக்கு 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை, சனிக்கிழமை என்றால் மேல்தட்டு விலை. உள்ளே போனால் எல்லாம் வரிசைதான். வரிசையைத் தாண்ட வேண்டுமென்றால் பிரீமியர் ஆக்சஸ் என்று தனியாகப் பணம் கட்ட வேண்டும், அதையும் பூங்காவுக்குள் நுழைந்த பிறகுதான் ஆப்பில் வாங்க முடியும். ஆகவே காலையில் கதவு திறக்கும்போது வாசலில் நிற்பவனுக்கே லாபம். மனைவியின் பட்டியலில் முதலிடம் ராபுன்ஸல் படகு, விளக்குகள் மிதக்கும் காட்சிக்காக. நான் ஒவ்வொரு வரியிலும் நேரம், தூரம், காத்திருப்பு என்று போட்டுக்கொண்டே வந்தேன்.

நடக்கும் தூரம் பார்க்கத்தான் சாட்டிலைட் வரைபடத்தைத் திறந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பூங்கா இருக்கும் உரயாசு நகரத்தின் கடற்கரையைப் பாருங்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடி, செங்கோணத்தில் திரும்புகிறது. இயற்கையான கரை எங்கேயும் இப்படித் திரும்பாது. அதிலும் எடோ ஆறு வந்து கலக்கும் முகத்துவாரம். வண்டலும் சதுப்புமாக வளைந்து நெளிந்து கிடக்க வேண்டிய இடம். ஆக, இது மனிதன் போட்ட நிலம்.

தேடிப் பார்த்தால் கணக்கு தெளிவாகவே இருக்கிறது. கடலைத் தூர்ப்பதற்கு முன் உரயாசுவின் பரப்பு 4.43 சதுர கிலோமீட்டர். இன்று சுமார் 17. நகரத்தின் முக்கால் பங்கு ஒரு காலத்தில் கடல். டிஸ்னி பூங்காக்கள் இரண்டும் அந்த முக்கால் பங்கில்தான் நிற்கின்றன. கடலைத் தூர்த்து, அதன் மேல் ஒரு செயற்கைக் கடல் கட்டி, அதற்குக் கடல் என்றே பெயரும் வைத்திருக்கிறார்கள்.

மனைவியிடம் சொன்னேன். ஃபோனைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்போ அங்க மீன் பிடிச்சவங்க என்ன ஆனாங்க?"

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில்தான்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உரயாசு ஒரு மீனவ ஊர். ஆழ்கடல் மீன்பிடி அல்ல. நீர் வற்றும்போது மைல் கணக்கில் வெளியே தெரியும் சேற்றுப் பரப்பில் மட்டி அள்ளுவதும், குளிர்காலத்தில் நோரி என்னும் கடல்பாசி வளர்ப்பதும்தான் பிழைப்பு. சுஷியைச் சுற்றியிருக்குமே கறுப்புத் தாள், அதுதான் நோரி. இதற்கென்றே பெகா என்று ஒரு சின்னப் படகு, பெரும்பாலும் ஒரே ஆள் ஏறுவது. 1920களின் பிற்பகுதியில் இந்த ஊரில் தங்கியிருந்த எழுத்தாளர் யமமொதோ ஷூகொரோ, பின்னாளில் அந்த அனுபவத்தை வைத்து எழுதிய நாவலின் பெயரிலேயே இந்தப் படகு இருக்கிறது: அஒபெகா மொனொகதாரி, அதாவது நீலப் படகின் கதை. 1961-இல் நூலாக வந்தது. அவர் எழுதிய ஊர் அதற்குள் மாறத் தொடங்கிவிட்டது.

திருப்பம் 1958. அந்த ஒரே வருஷத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விஷயங்கள் நடந்தன.

முதலாவது, கெய்செய் ரயில்வே கம்பெனியின் தலைவர் கவாசாகி சிஹாரு அமெரிக்கா போனார். போனது ரோஜாச் செடி வாங்க, கம்பெனி நடத்திய ரோஜாத் தோட்டத்துக்காக. போன இடத்தில் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டைப் பார்த்தார். திறந்து மூன்று வருஷம்கூட ஆகாத பூங்கா. இதை ஜப்பானுக்குக் கொண்டு வர வேண்டும் என்று அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

இரண்டாவது, உரயாசுவுக்கு மேலே எடோ ஆற்றங்கரையில் இருந்த ஹோன்ஷு காகித ஆலை புதிய முறையில் கூழ் காய்ச்ச ஆரம்பித்தது. கழிவு கறுப்புத் தண்ணீராக ஆற்றில் இறங்கியது. முகத்துவாரத்தில் மட்டியும் மீனும் செத்து ஒதுங்கின. மீனவர்கள் ஆலையிடம் முறையிட்டார்கள், மனு கொடுத்தார்கள், ஒன்றும் நிற்கவில்லை. ஜூன் 10 அன்று சுமார் 700 பேர் ஆலைக்குள் புகுந்தார்கள். போலீஸ் தடியடி. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம், எட்டுப் பேர் கைது.

இந்தச் சண்டை வீணாகவில்லை. அதே டிசம்பரில் ஜப்பான் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்கள் கொண்டு வந்தது. ஒன்று ஆறு, கடல் நீரின் தரத்துக்கு, இன்னொன்று ஆலைக் கழிவுக்கு. நீர் மாசைக் கட்டுப்படுத்த ஜப்பான் நாடு முழுமைக்கும் போட்ட முதல் சட்டங்கள் இவை. அவற்றுக்குப் பின்னால் இருப்பவர்கள் இந்த மட்டி அள்ளும் மனிதர்கள்.

ஆனால் சட்டம் வந்தும் கடல் பிழைக்கவில்லை. டோக்கியோ விரிகுடாவைச் சுற்றி ஆலைகள் பெருகிக்கொண்டே போயின. கரையோரம் முழுக்கத் தூர்த்துத் தொழிற்பேட்டை போடுவதுதான் அன்றைய கொள்கை. 1960 ஜூலையில் கெய்செய், மித்சுய் ஃபுதோசான் முதலிய கம்பெனிகள் சேர்ந்து ஓரியண்டல் லேண்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. நோக்கம், உரயாசு கடலைத் தூர்த்து வீடுகளும் பெரிய பொழுதுபோக்கு இடமும் கட்டுவது. மீனவர்களிடம் பேச அனுப்பப்பட்டவர் தகாஹாஷி மசாதொமோ. குடிப்பதில் மன்னர் என்று பெயர் எடுத்தவர், அந்தத் தகுதிக்காகவே தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வார்கள். மீனவர்களோடு உட்கார்ந்து, அவர்களோடு குடித்து, பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். பின்னாளில் அவரே அந்தக் கம்பெனியின் தலைவரும் ஆனார்.

1962-இல் மீனவர்கள் மீன்பிடி உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். 1971-இல் மொத்தத்தையும். ஜப்பானில் கரையோர மீன்பிடி உரிமை என்பது கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் இருக்கும் சட்டப்படியான உரிமை. அதற்கு நஷ்ட ஈடு கிடைத்தது. பிழைப்பு மாறியது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். "டிஸ்னி வந்து மீனவர்களை விரட்டியது" என்று எழுத எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் தேதிகள் அப்படிச் சொல்லவில்லை. டிஸ்னியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1979 ஏப்ரலில், அதாவது கடைசி மீன்பிடி உரிமையும் போய் எட்டு வருஷம் கழித்து. வலை சும்மா வரும் கடலைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பது என்ற கேள்விதான் அந்த ஊருக்கு முன்னால் இருந்திருக்கிறது. சண்டை போட்டார்கள், ஜெயித்தார்கள், அப்புறமும் கடல் போனது. வில்லன் ஒருவனைக் காட்டி முடித்துவிட முடியாத கதை இது. எனக்கு இதுதான் கனமாக இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. இன்று உரயாசுவில் சுமார் 1,70,000 பேர் வசிக்கிறார்கள். நல்ல வரி வருமானம் உள்ள நகரம். மீனவர் வீட்டுப் பேரன் பேத்திகள் பூங்காவில் வேலை பார்த்திருக்கலாம், குடும்பத்தோடு போய்ச் சுற்றியும் இருக்கலாம்.

2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் பழைய கடல் ஒரு தடவை தலைகாட்டியது. தூர்த்த மண் குலுங்கும்போது நீரும் மணலுமாகக் கூழாகிவிடும். நகரப் பரப்பில் சுமார் 86 சதவீதம் இப்படிப் பாதிக்கப்பட்டது. வீடுகள் சாய்ந்தன, தெருவெல்லாம் சேறு பொங்கியது. தப்பித்தது பழைய மீனவ ஊர்ப் பகுதி. பாதிப்பு வரைபடத்தைப் பழைய வரைபடத்தின் மேல் வைத்தால் 1960க்கு முந்தைய கரைக்கோடு அப்படியே தெரிகிறது. பூங்காவுக்கு அடியில் முன்பே மண்ணை இறுக்கியிருந்ததால் உள்ளே பெரிய சேதமில்லை. வாகன நிறுத்தத்தில் மட்டும் சேறு பொங்கியது.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

பழைய ஊரில் உரயாசு நகர அருங்காட்சியகம் இருக்கிறது. அனுமதி இலவசம். 1952-ஆம் வருஷத்து மீனவத் தெருவை வெளியில் அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். வாய்க்கால், பெகா படகு, மீனவர் வீடு எல்லாம் உண்டு. சில நாட்களில் அந்தப் படகில் ஏற்றிக்கொண்டும் போகிறார்கள். இதைச் சொன்னதும் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தெரியும். கடைசில மியூசியத்துலதான் வந்து நிப்பீங்கன்னு தெரியும்."

வார இறுதியில் மதியம் 3 மணியிலிருந்து உள்ளே விடும் மலிவான டிக்கெட் ஒன்று இருக்கிறது. காலை அருங்காட்சியகம், மாலை பூங்கா என்று முதலில் போட்டேன். ஆனால் 3 மணிக்குப் போனால் ராபுன்ஸல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. "எனக்கு ராபுன்ஸலும் வேணும், அந்தப் படகும் பாக்கணும். நீங்கதானே இன்ஜினியர், போடுங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

விடை வரிசைகளிலேயே இருந்தது. பூங்காவில் கூட்டம் உச்சத்தில் இருப்பது நடுப்பகல். அந்த நேரத்தில் உள்ளே நின்றால் மூன்று மணி நேரத்தில் இரண்டு ரைட் கிடைத்தால் பெரிது. வெளியே போனாலும் அதே டிக்கெட்டில் திரும்ப நுழையலாம். ஆகவே முழு நாள் டிக்கெட். டோக்கியோ ஸ்டேஷனில் கெய்யோ லைன் பிளாட்பாரம் மற்ற பிளாட்பாரங்களிலிருந்து பத்து நிமிஷ நடை, அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு காலை 8 மணிக்கு வாசலில். முதலில் ராபுன்ஸல், அப்புறம் பக்கத்தில் கிடைப்பது. 12 மணிக்கு வெளியே வந்து பஸ்ஸில் பழைய ஊர். அருங்காட்சியகம் மாலை 5 மணி வரை திறந்திருக்கும் என்றாலும் எங்களுக்கு 3 மணி வரை போதும். அங்கே மட்டியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. மட்டிதான் இப்போது வெளியூரிலிருந்து வருகிறது. 4 மணிக்குத் திரும்பப் பூங்கா, இரவு வரை.

எக்செல்லை அவளுக்கு அனுப்பினேன். ஒரு மாற்றம் செய்து திருப்பி அனுப்பியிருக்கிறாள். அருங்காட்சியகத்துக்கு நான் போட்டது இரண்டு மணி நேரம். அதை இரண்டரை ஆக்கியிருக்கிறாள்.