வெளிநாட்டில் வாடகை கார் ஓட்டினீங்களா? வீடு தேடி வரும் வேக அபராதம்: கட்டணுமா, விட்டுடலாமா?

இத்தாலி போய் வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. போட்டோ எல்லாம் போட்டு, லைக் எல்லாம் வாங்கி, அடுத்த லீவுக்கு எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது டெல்லி லோதி ரோடு வீட்டு வாசலில் போஸ்ட்மேன் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து கேட்கிறார். பிரித்தால் இத்தாலிய மொழியில் நாலு பக்கம். புரிகிற விஷயங்கள் சிலதான்: உங்கள் பெயர், நீங்கள் வாடகைக்கு எடுத்த காரின் நம்பர், ஒரு தேதி, ஒரு வேகம், யூரோவில் ஒரு தொகை.

உடனே மனசுக்குள் இரண்டு கேள்வி வரும். "போன மாசமே கார்டுல பணம் பிடிச்சாங்களே, அது என்ன?" அடுத்தது, "இத்தாலிக்காரன் இங்க வந்தா வசூலிக்கப் போறான்?" இரண்டுக்கும் பதில் பார்ப்போம்.

கார்டில் பிடித்த பணம் எதற்கு?

பெரும்பாலும் அது அபராதம் இல்லை. கேமராவில் சிக்கிய காரின் உரிமையாளர் வாடகை நிறுவனம். போலீஸ் முதலில் அவர்களிடம்தான் "அன்றைக்கு யார் ஓட்டினார்கள்?" என்று கேட்கும். அவர்கள் உங்கள் பெயரையும் முகவரியையும் கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்ததற்கான நிர்வாகக் கட்டணம்தான் உங்கள் கார்டில் போனது. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கும்.

இதை அபராதம் என்று நினைத்து "முடிஞ்சுது" என்று விடுபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அசல் அபராதம் தனியாக, சில மாதம் கழித்து வரும். எனவே கார்டு மெசேஜ் வந்த அன்றே வாடகை நிறுவனத்துக்கு மெயில் போட்டு, இது நிர்வாகக் கட்டணமா, அபராதமா, எந்தத் தேதி, எந்த ஊர் என்று கேட்டு வையுங்கள்.

டெல்லி பழக்கம் அங்கே செல்லாது

டெல்லியில் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சலான் வந்தால் உடனே கட்ட மாட்டோம். பாட்டியாலா ஹவுஸிலோ சாகேத்திலோ லோக் அதாலத் நடக்கும்போது போய், தொகையைக் குறைத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்று காத்திருப்போம். இங்கே காத்திருந்தால் சில நேரம் லாபம்.

ஐரோப்பாவில் பெரும்பாலும் இது தலைகீழ். சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி, தாமதித்தால் இரட்டிப்பு. அதற்கு நல்ல உதாரணம் இத்தாலி.

இத்தாலியில் எவ்வளவு?

கேமரா காட்டிய வேகத்தில் 5 சதவீதத்தைக் கழிப்பார்கள். எப்படியும் குறைந்தது 5 கி.மீ. கழியும். மீதி வேகம் வரம்பைவிட எவ்வளவு அதிகம் என்பதுதான் கணக்கு.

50 கி.மீ. வரம்புள்ள சாலையில் கேமரா 64 காட்டியது என்று வையுங்கள். 5 கழித்தால் 59. வரம்பைவிட 9 அதிகம். 10 கி.மீ. வரை அதிகம் என்றால் அபராதம் 42 யூரோ. 5 நாளில் கட்டினால் 30 சதவீதம் குறைந்து 29.40.

கேமரா 66 காட்டியிருந்தால்? கழித்தபின் 61, அதாவது 11 அதிகம். தொகை 173 யூரோவுக்குத் தாவிவிடும். 5 நாளில் கட்டினால் 121.10. 60 நாள் தாண்டினால் 347. இரண்டே கி.மீ. வித்தியாசம்தான். இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு கூடும். தபால் செலவு தனி.

இந்த 5 நாளும் 60 நாளும் நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கும், நீங்கள் கார் ஓட்டிய நாளிலிருந்து அல்ல. வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப இத்தாலிய சட்டம் 360 நாள் தருகிறது. வாடகை கார் என்றால், நிறுவனம் உங்கள் விவரம் கொடுத்த நாளிலிருந்து இதைக் கணக்கிடுவதும் உண்டு. அதனால் "ஒரு வருஷம் ஆச்சு, இனி வராது" என்று நம்ப வேண்டாம்.

கடிதம் வந்ததும் என்ன செய்யணும்?

1. கவரைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள தேதிதான் உங்கள் கெடுவுக்கு ஆதாரம். கையெழுத்துப் போட்ட நாளையும் குறித்து வையுங்கள்.

2. வாடகை ஒப்பந்தத்தை எடுத்து கார் நம்பர், தேதி, நேரம் பொருந்துகிறதா என்று பாருங்கள். காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு நடந்த மீறல் என்றால் அது உங்களுடையதே அல்ல.

3. எதற்கு அபராதம் என்று மொழிபெயர்த்துப் பாருங்கள். வேகத்துக்குத்தான் என்று இல்லை. பழைய நகரப் பகுதிகளில் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தாலும் கேமரா பிடிக்கும். அதே கேட்டைத் தெரியாமல் மூன்று முறை கடந்தால் மூன்று நோட்டீஸ் வரலாம்.

4. அனுப்பியது யார் என்று சரிபாருங்கள். இத்தாலியில் பல நகராட்சிகள் வசூலைத் தனியார் நிறுவனத்திடம் கொடுத்திருக்கின்றன. எனவே தனியார் பெயர் இருந்தாலே மோசடி என்று அர்த்தமில்லை. ஆனால் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த லிங்க்கை அழுத்திப் பணம் கட்டாதீர்கள். நகராட்சியின் இணையதளத்தை நீங்களே தேடிப் போங்கள்.

5. கட்டுவதா, மேல்முறையீடு செய்வதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கட்டிவிட்டால் பிறகு எதிர்க்க முடியாது. மாவட்ட அதிகாரியான பிரிஃபெக்டிடம் 60 நாளுக்குள் இலவசமாக முறையிடலாம். ஆனால் நிராகரித்தால் தொகை குறைந்தபட்சத்தின் இரு மடங்குக்குக் குறையாது. கார் நம்பரே தவறு என்பது போன்ற வலுவான காரணம் இருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

6. கட்டுவதற்கு முன் உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்யுங்கள். வங்கி மூலம் அனுப்பினால் இடைவங்கிக் கட்டணமும் உங்களுடையதே என்று சொல்லுங்கள். அங்கே இரண்டு யூரோ குறைவாகச் சேர்ந்தாலும் "முழுசா கட்டல" என்று ஆகிவிடலாம். நோட்டீஸ் நம்பரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பிரிட்டன், துபாய் என்றால்?

பிரிட்டனில் முதலில் வருவது அபராதம் அல்ல, கேள்வி: "ஓட்டியது நீங்களா?" 28 நாளில் பதில் தர வேண்டும். பதில் சொல்லாமல் இருப்பதே தனிக் குற்றம், 1,000 பவுண்ட் வரை அபராதம் விதிக்கலாம். வேகத்துக்கான குறைந்தபட்ச அபராதமோ 100 பவுண்ட்தான். "14 நாளில் நோட்டீஸ் வரலைன்னா செல்லாது" என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்த 14 நாள் காரின் பதிவு உரிமையாளருக்குப் போகும் முதல் நோட்டீஸுக்குத்தான். வாடகைக்கு எடுத்த உங்களுக்குப் பொருந்தாது.

துபாயில் கதை வேகமாக முடியும். அபராதம் கார் நம்பரில் ஏறும், நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளும். 20 கி.மீ. வரை அதிகம் என்றால் 300 திர்ஹாம், 30 வரை 600 என்று ஏறும். துபாயிலிருந்து அபுதாபிக்கு ஓட்டுபவர்கள் கவனிக்க: வரம்புக்கு மேல் 20 கி.மீ. சலுகையை அபுதாபி 2018 ஆகஸ்டில் நீக்கிவிட்டது. அங்கே போர்டில் உள்ள எண்தான் வரம்பு.

கட்டாமல் விட்டால்?

நேர்மையாகச் சொன்னால், ஒரு வெளிநாட்டு அபராதத்துக்காக உங்கள் வீட்டுக்கு அமீனா வர வாய்ப்பு மிகக் குறைவு. சில நாடுகளின் நீதிமன்றத் தீர்ப்புகளை இந்திய நீதிமன்றம் வழியாக நிறைவேற்ற, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு வழி தருகிறது. பிரிட்டனும் ஐக்கிய அரபு அமீரகமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அபராதத் தொகைக்கு அது பொருந்தாது என்று அதே பிரிவு சொல்கிறது.

அதற்காக விட்டுடலாமா? மூன்று விஷயம் யோசியுங்கள். அந்த நாட்டில் கடன் அப்படியே நிற்கும், வளரும். சுவிட்சர்லாந்தில் கட்டாத அபராதம் சிறை நாட்களாகவே மாறலாம். அடுத்து, நோட்டீஸ் வாடகை நிறுவனத்தின் பெயரிலேயே வந்திருந்தால் அவர்கள் கட்டிவிட்டு ஒப்பந்தப்படி உங்களிடம் கேட்பார்கள். அது அபராதம் அல்ல, கடன். மூன்றாவது, ஆபீஸ் வேலையாக அதே நாட்டுக்கு மறுபடி போக வேண்டி வரலாம். 29 யூரோவில் முடிகிற விஷயத்தை அதற்காகத் தலையில் சுமக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அடுத்த முறை கிளம்பும் முன்

ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், ஓராண்டு செல்லும். வாடகைப் படிவத்தில் ஒரு வருடம் கழித்தும் தபால் கிடைக்கும் முகவரியைக் கொடுங்கள். டெல்லியில் அரசு குவார்ட்டர்ஸும் வாடகை வீடும் மாறிக்கொண்டே இருக்கும். பழைய வீட்டு வாசலில் கிடக்கும் கடிதத்துக்கும் கெடு ஓடலாம். ஊரில் அப்பா அம்மா வீட்டு முகவரி கொடுத்தால், "இத்தாலியிலிருந்து ஏதாவது தபால் வந்தா பிரிச்சு போட்டோ அனுப்புங்க" என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அந்த 5 நாள் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்கணுமே!