சட்டைகளை எண்ணிய நாற்காலிக்காரர்

போன வாரம் ஒரு கிறுக்குத்தனமான வேலை பார்த்தேன். அலமாரியைத் திறந்து என் சட்டைகளை எண்ணினேன். மொத்தம் 23. அதில் உண்மையில் போட்டுக்கொள்வது ஒன்பதோ பத்தோதான். அப்புறம் ஒரு சட்டையை மடித்து வைத்து, டேப்பை எடுத்து நீள அகலம் அளந்தேன். வீட்டில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஆனால் இதே வேலையை ஒரு மனிதர் வருடக்கணக்காகச் செய்திருக்கிறார். ஒரு டேனிஷ் குடும்பத்தில் சட்டை எத்தனை, உள்ளாடை எத்தனை, மேஜை விரிப்பு எத்தனை, மடித்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்றெல்லாம் கணக்கெடுத்து, அந்தக் கணக்கிலிருந்து அலமாரி வரைந்தார். அவர் பெயர் போர்கே மோகன்சன். அவரைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

டேனிஷ் ஃபர்னிச்சர் என்றதும் நம் மனதில் வருவது பத்திரிகைகளின் பளபளப்பான பக்கங்கள். ஒல்லியான தேக்குக் கால்கள், தோல் மெத்தை, தலைசுற்ற வைக்கும் விலை. ஆனால் இந்தக் கதையின் ஒரு பெரிய பகுதி தொடங்கியது பணக்கார வீட்டு வரவேற்பறையில் இல்லை. மளிகைக் கடையில்.

அதைப் புரிந்துகொள்ள டென்மார்க்கின் கூட்டுறவு வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1866இல் ஜட்லாந்தின் வடமேற்கில் திஸ்டெட் என்ற ஊரில், ஹான்ஸ் கிறிஸ்டியன் சோன என்ற பாதிரியார் ஏழைத் தொழிலாளர்களுக்காக ஒரு கூட்டுறவுக் கடையைத் தொடங்கி வைத்தார். அது ஊர் ஊராகப் பரவியது. 1882இல் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் வெண்ணெய் ஆலையும் வந்துவிட்டது. 1896இல் கூட்டுறவுக் கடைகள் எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தன. அந்த அமைப்பின் பெயர் சுருக்கமாக எஃப்.டி.பி. கடைகளுக்கு மொத்தமாகச் சரக்கு வாங்கிக் கொடுத்ததோடு நிற்காமல், காப்பிக்கொட்டை வறுப்பது, சாக்லேட், சோப்பு என்று சொந்தமாகவே ஆலைகள் வைத்து உற்பத்தியிலும் இறங்கியது. நல்ல பொருள், நியாயமான விலை, நடுவில் தரகர் கிடையாது. அவ்வளவுதான் கொள்கை.

சோப்பு செய்கிறோம், காப்பி செய்கிறோம். நாற்காலி ஏன் செய்யக்கூடாது? எஃப்.டி.பி.யின் தலைமையில் இருந்த ஃப்ரெடெரிக் நீல்சனுக்கு இந்த யோசனை பிடித்துக்கொண்டது. 1942இல் அமைப்புக்கென்று ஒரு ஃபர்னிச்சர் வடிவமைப்பு அலுவலகம் தொடங்கினார்கள். அதற்குத் தலைவராக வந்தவர்தான் மோகன்சன். அப்போது அவருக்கு வயது 28.

வருடத்தைக் கவனியுங்கள், 1942. டென்மார்க் 1940 ஏப்ரலிலிருந்து ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு வருவது அரிது. நல்ல மரமே கிடைப்பதில்லை. நாற்காலி இருக்கை பின்ன ஒரு கோரைப்புல் கயிறு உண்டு, அதற்கும் தட்டுப்பாடு. மாற்றாக டென்மார்க்கில் முறுக்கிய காகிதத்தில் கயிறு செய்தார்கள். காகிதமா என்று சிரிக்க வேண்டாம். இறுக்கிப் பின்னினால் பல பத்தாண்டுகள் உழைக்கும். பஞ்ச காலத்துச் சரக்காக வந்த அந்தக் காகிதக் கயிறுதான் இன்று டேனிஷ் நாற்காலியின் அடையாளமாகிவிட்டது.

இந்தக் காலகட்டத்தின் ஒரு சின்ன சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மோகன்சனின் நெருங்கிய நண்பர் ஹான்ஸ் வெக்னர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே வெக்னர். இருவரும் கோபன்ஹேகன் கைவினைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். 1944இல் மோகன்சனின் மகன் பேட்டருக்கு ஞானஸ்நானம். கடையில் உருப்படியான பரிசு எதுவும் கிடைக்கவில்லை. வெக்னர் தானே ஒரு குட்டி நாற்காலி செய்துவிட்டார். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நாலே நாலு பலகை. ஆணி இல்லை, திருகு இல்லை. குழந்தையே கழற்றி மாட்டி விளையாடலாம். பேட்டரின் நாற்காலி என்ற பெயரில் அது இன்றும் விற்பனையில் இருக்கிறது.

சரி, மோகன்சனுக்கு வருவோம். 1914இல் வட ஜட்லாந்தின் ஆல்போர்க் நகரில் பிறந்தவர். முதலில் முறையாகத் தச்சுத் தொழில் கற்றார். அப்புறம்தான் பள்ளி. கைவினைப் பள்ளியை முடித்துவிட்டு அரசக் கலைக் கழகத்தின் ஃபர்னிச்சர் பிரிவில் சேர்ந்தார். அங்கே ஆசிரியர் கோரே க்ளிண்ட். இவரைச் சொல்லாமல் டேனிஷ் ஃபர்னிச்சரைப் பற்றிப் பேசவே முடியாது.

அந்தக் காலத்தில் ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளிக்காரர்கள் பழைய பாணிகளை ஓரங்கட்டிவிட்டு எஃகுக் குழாயில் நாற்காலி வளைத்துக்கொண்டிருந்தார்கள். க்ளிண்ட் போனது எதிர்த்திசையில். பழைய நாற்காலிகளை மாணவர்கள் முன்னால் வைத்து, அங்குலம் அங்குலமாக அளந்து வரையச் சொன்னார். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில நாற்காலி, சீன நாற்காலி, எகிப்திய மடக்கு ஸ்டூல், எல்லாம். பல தலைமுறை ஆசாரிகள் உட்கார்ந்து பார்த்துத் திருத்திய பொருளில் அறிவு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஏன் ஆரம்பிக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

க்ளிண்ட்டின் இரண்டாவது பாடம் அளவெடுப்பு. மனித உடம்பை அளந்தார். தட்டு, கோப்பை, கரண்டி எல்லாவற்றையும் அளந்து, குறைந்த இடத்தில் நிறைய பாத்திரம் அடங்குகிற அலமாரி ஒன்றை வரைந்தார். ஆனால் க்ளிண்ட் செய்வித்த பொருள்கள் தேர்ந்த தச்சர்களின் பட்டறையில், உயர்ந்த மரத்தில் உருவானவை. வாங்கக்கூடியவர்கள் கொஞ்சப் பேர்தான்.

இதே முறையைக் கூட்டுறவுக் கடை வாடிக்கையாளருக்குக் கொண்டுபோக முடியுமா? மோகன்சன் எஃப்.டி.பி.யில் செய்து பார்த்த சோதனை அதுதான்.

அன்றைய டேனிஷ் சாதாரணக் குடும்பத்தின் வீடு இரண்டு அல்லது மூன்று அறை. அதில் ஒன்றை விருந்தாளிக்கென்று பூட்டி வைப்பார்கள். அங்கே செதுக்கு வேலை செய்த பெரிய பஃபே அலமாரி, கனமான மேஜை, அதே செட்டில் நாற்காலிகள். கடன் வாங்கியாவது மொத்த செட்டாக வாங்குவது வழக்கம். அதன் பிறகு நடமாட இடம் இருக்காது. மோகன்சனின் திட்டம் நேர்மாறு. உள்நாட்டில் கிடைக்கும் பீச் மரம், இயந்திரத்தில் அறுத்துக் கடையக்கூடிய எளிய பாகங்கள், தனித்தனியாக, காசு சேரச் சேர வாங்கிக்கொள்ளலாம். ஒன்றோடொன்று ஒத்துப்போகும், ஆனால் செட் என்ற கட்டாயம் கிடையாது. 1944இல் கோபன்ஹேகனில் எஃப்.டி.பி.யின் ஃபர்னிச்சர் கடை திறந்தது.

1947இல் வந்தது ஜே39 என்ற நாற்காலி. பெயரைப் பார்த்தாலே தெரியும், இது வெறும் வரிசை எண். மக்கள் வைத்த பெயர் வேறு: மக்கள் நாற்காலி.

அதைப் பார்த்தால் முதலில் ஏமாற்றம்தான் வரும். கடைந்த நாலு உருண்டைக் கால். அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டைகள். முதுகுக்கு அகலமான ஒரே ஒரு பலகை, லேசாக வளைந்தது. இருக்கை காகிதக் கயிறு. அவ்வளவுதான். இதில் வடிவமைக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. அந்த முதுகுப் பலகை இருக்கும் உயரத்தைப் பாருங்கள். இடுப்புக்கு மேலே, முதுகு சாயும் இடத்தில். அதற்குக் கீழே காலி. நேராக உட்கார்ந்து சாப்பிடலாம், கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து பேசலாம். ஒரு கையால் தூக்கிவிடலாம். கயிறு தளர்ந்தால் திரும்பப் பின்னிக்கொள்ளலாம், நாற்காலியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை.

இதற்கும் ஒரு மூதாதை உண்டு. அமெரிக்காவில் ஷேக்கர்கள் என்றொரு கிறிஸ்தவப் பிரிவினர் தனிக் குடியிருப்புகளில் துறவிகள் போல் வாழ்ந்தார்கள். அலங்காரம் பகட்டு என்று நினைத்தவர்கள். அவர்கள் செய்த நாற்காலிகள் இலேசானவை, வேலை முடிந்ததும் சுவரில் மாட்டிவிடலாம். க்ளிண்ட்டின் வகுப்பில் ஷேக்கர் நாற்காலியும் ஒரு பாடம். ஆக, சொத்துச் சேர்ப்பதையே ஒதுக்கிய ஒரு சமூகத்தின் நாற்காலி, ஒரு மளிகைக் கூட்டுறவு வழியாக டேனிஷ் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. நானாகக் கற்பனை செய்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக வராது.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. மக்களுக்கான நாற்காலி என்றார்கள். யார் வாங்கினார்கள்?

ஆரம்ப வருடங்களில் எஃப்.டி.பி. ஃபர்னிச்சரை விரும்பி வாங்கியவர்கள் பெரும்பாலும் படித்த, நடுத்தர வர்க்கத்து இளம் தம்பதிகள். தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பழைய, கனமான, செதுக்கு வேலை செட்தான் பிடித்திருந்தது.

இதைப் படித்ததும் முதலில் 'அடடா, ரசனை இல்லாத ஜனங்கள்' என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க வெறும் மரப் பெஞ்சில் உட்கார்ந்தவர் நாலு காசு சேர்த்துக் கடைக்குப் போகிறார். அங்கே அவருக்கு இன்னொரு மரப் பெஞ்சைக் காட்டி, இதுதான் உயர்ந்த ரசனை என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? எளிமை என்பது வேறு வழி இருப்பவர்களுக்குத்தான் அழகாகத் தெரியும். வழியே இல்லாமல் எளிமையாக வாழ்ந்தவருக்கு அது நேற்றைய வறுமையின் ஞாபகம். மோகன்சன் சட்டையை எண்ணினார், இடுப்பு உயரத்தை அளந்தார். தேவையை அளக்க டேப் போதும். ஆசையை எதை வைத்து அளப்பது?

ஆனாலும் அவரைக் குறை சொல்லி முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. காரணம், காலம் அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. மெல்ல மெல்ல இந்த நாற்காலிகள் டேனிஷ் வீடுகளில் சாதாரணப் பொருளாகின. எஃப்.டி.பி.யில் அவருக்குப் பின் வந்த பௌல் வோல்தர் 1956இல் வரைந்த ஜே46 நாற்காலி லட்சக்கணக்கில் விற்றது. தாத்தாவுக்குப் பிடிக்காதது பேரனுக்குச் சமையலறை நாற்காலியானது.

மோகன்சன் 1950இல் எஃப்.டி.பி.யை விட்டு வெளியே வந்து சொந்த அலுவலகம் தொடங்கினார். எண்ணும் பழக்கம் மட்டும் போகவில்லை. 1954இல் கட்டடக்கலைஞர் கிரேதே மையருடன் சேர்ந்து அவர் செய்த அலமாரித் திட்டம்தான் நான் முதலில் சொன்ன சட்டைக் கணக்கு. வீட்டுப் பொருள்களின் அளவையும் எண்ணிக்கையையும் பட்டியலிட்டு, அதிலிருந்து தட்டுகளின் ஆழம், இழுப்பறையின் உயரம் எல்லாம் தீர்மானித்தார்கள். அலமாரி என்பது வாங்கி வைக்கும் பொருள் அல்ல, சுவர் மாதிரி வீட்டின் ஒரு பாகம் என்பது யோசனை. இன்று நாம் மாடுலர் என்று சொல்லிப் பெருமைப்படும் விஷயத்தை அன்றே கரண்டி எண்ணிச் செய்திருக்கிறார்கள்.

1955இல் ஆன்ட்ரியாஸ் க்ராவெர்சன் என்பவர் ஃப்ரெடெரிசியா நாற்காலித் தொழிற்சாலையை வாங்கினார். மோகன்சன் அதன் முக்கிய வடிவமைப்பாளரானார். 1958இல் வந்த ஸ்பானிஷ் நாற்காலி அவரது மிகப் பிரபலமான படைப்பு. ஸ்பெயினில் பார்த்த பழைய நாற்காலியிலிருந்து கிடைத்த யோசனை. கனமான ஓக் சட்டம், குதிரைச் சேணத்துக்குப் பயன்படும் தடித்த தோல், கண்ணாடித் தம்ளரை வைக்கும் அளவுக்கு அகலமான கைப்பிடி. அருமையான பொருள். ஆனால் இது கூட்டுறவுக் கடைக்காரரின் நாற்காலி இல்லை.

அவர் 1972இல், 58 வயதில் காலமானார். அதற்கு முன்பே, 1968இல், எஃப்.டி.பி.யின் ஃபர்னிச்சர் வடிவமைப்பு அலுவலகம் மூடப்பட்டுவிட்டது. 2013இல் அந்தப் பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். ஜே39ஐ இன்று ஃப்ரெடெரிசியா நிறுவனம் செய்கிறது. விலை ஒன்றுக்குப் பல ஆயிரம் குரோனர். ஒரு மேஜையைச் சுற்றி ஆறு போட நினைக்கும் சாதாரணக் குடும்பம் இரண்டு முறை யோசிக்கும். மக்கள் நாற்காலி இப்போது மக்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் நாற்காலி.

அப்படியானால் மோகன்சன் தோற்றுவிட்டாரா? நாற்காலியை மட்டும் பார்த்தால் ஆமாம் என்றுகூடச் சொல்லலாம். எனக்கு அவர் விட்டுப்போனதாகத் தோன்றுவது வேறு. எதையாவது வரைவதற்கு முன்னால், அதைப் பயன்படுத்தப் போகிறவரின் இழுப்பறையைத் திறந்து பார்க்கும் பழக்கம். எனக்கு என்ன வரையப் பிடிக்கும் என்பதை விட, உன்னிடம் எத்தனை சட்டை இருக்கிறது என்பது முக்கியமான கேள்வி என்ற எண்ணம். அவர் கேட்காமல் விட்ட கேள்விகளும் உண்டுதான். ஆனால் அவ்வளவுகூடக் கேட்காமல் நமக்காகக் கட்டப்பட்ட வீடுகளிலும் அலுவலகங்களிலும்தானே நாம் உட்கார்ந்திருக்கிறோம்?

என் அலமாரி விஷயம். இழுப்பறையின் ஆழம் மடித்த சட்டையை விட 4 செ.மீ. குறைவு. அதனால்தான் இத்தனை வருடமாக அது சரியாக மூடவில்லை. கதவில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

க்ளிண்ட் பற்றித் தனியாக எழுத வேண்டும். அவர் ஒரு மடக்கு நாற்காலி செய்தார். அதன் மூலம் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் முகாம் நாற்காலி, அதன் பெயரோ ரூர்க்கி. ஆமாம், நம் உத்தராகண்டில் இருக்கும் அதே ரூர்க்கிதான். அதை அடுத்த குறிப்பில் பார்ப்போம்.