13 எழுத்துகளும் பழகிய கண்ணும்

எழுத்தை மாற்றினால் மொழியே போய்விடும் என்கிற பயம் தமிழில் புதிதல்ல. பயப்படுகிறவர் எந்த எழுத்தை மனசில் வைத்துக்கொண்டு பயப்படுகிறார் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 'தமிழ் எழுத்து' என்ற ஒன்று எங்கோ மாறாமல் உட்கார்ந்திருப்பதாகவும், அவ்வப்போது யாராவது வந்து அதன்மேல் கைவைப்பதாகவும் ஒரு சித்திரம் நம்மிடம் இருக்கிறது. எம்.ஏ. தமிழ் வகுப்பில்கூட இலக்கணத்தின் எழுத்து வேறு, கண்ணால் பார்க்கிற எழுத்து வேறு என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எழுத்ததிகாரம் முழுக்க ஒலியைப் பற்றிப் பேசுகிறது. நாம் வரிவடிவத்தை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, பெரியார் நூற்றாண்டை ஒட்டி ஓர் ஆணை போட்டது. 13 எழுத்துகளின் உருவம் மாறியது. ணா, றா, னா. இவற்றின் ஒகர ஓகார வரிசையில் ஆறு. ணை, லை, ளை, னை என்று நான்கு. முன்னால் சொன்ன ஒன்பதிலும் கால் தனியே நிற்காமல் எழுத்தின் வாலோடு வளைந்து சேர்ந்திருக்கும். பின்னால் சொன்ன நான்கிலும் யானை தும்பிக்கையைத் தூக்கினாற்போல ஒரு சுழி எழுத்தின் தலைமாட்டில் நிற்கும். ஆணை சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: மற்ற மெய்களுக்கு எந்தக் குறியோ இவற்றுக்கும் அதே குறி. கா என்றால் ணா, கை என்றால் லை. இதற்கு மேல் எளிமையான காரியம் இருக்க முடியாது. ஆனாலும் 1935 ஜனவரியில் 'குடிஅரசு' இந்த உருவங்களில் வரத் தொடங்கியதற்கும் அரசு ஆணைக்கும் இடையில் 43 வருஷம். பெரியார் 1973இல் இறந்துபோனார்.

இந்த 43 வருஷத்தை 'பழமைவாதிகளின் எதிர்ப்பு' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிப் போகத் தயாராக இல்லை. எதிர்த்தவர்கள் பார்த்தது என்ன என்பதுதான் கேள்வி. எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்து கண்ணில் படுவதே இல்லை, சொல்தான் படுகிறது. தும்பிக்கை வைத்த லையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஓர் உருவமே அல்ல, நேரடியாக ஒலி. புது லை வந்தவுடன் முதல்தடவையாக அவன் எழுத்தைப் 'பார்க்க' வேண்டியிருக்கிறது. கண்ணாடி போல் இருந்தது திடீரென்று சுவராகிறது. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மை உடையது என்று சசூர் சொன்னதை நாம் பக்கம்பக்கமாக எழுதிவிட்டோம். பேசுகிறவன் ஒருபோதும் அதை இடுகுறியாக அனுபவிப்பதில்லை என்பதைச் சேர்த்து எழுத மறந்துபோகிறோம். எழுத்து பேச்சின்மேல் செலுத்தும் கொடுங்கோன்மை பற்றியும் அதே சசூர் புலம்பியிருக்கிறார்.

சரி, அந்த 'பழைய' எழுத்து எவ்வளவு பழையது? ஓலைச்சுவடிக்குப் போனால் மெய்க்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கு வேறுபாடு கிடையாது. காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே கோடு. குறில் எகர ஒகரத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்கிறது, நன்னூலும் சொல்கிறது. ஏடு எழுதிய கை அதைக் கேட்கவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எனக்கு அது மட்டும் போதுமானதாகப் படவில்லை. ஓலையில் 'ஏடு' என்பதும் 'எடு' என்பதும் ஒன்றேதான். 'கொடு', 'கோடு' இரண்டும் ஒன்று. விதண்டாவாதத்துக்கு 'கெரடு' என்றும் படிக்கலாம். எப்படித்தான் படித்தார்கள்? படித்தவன் ஏற்கெனவே பாட்டைக் கேட்டவன். ஆசிரியன் வாயிலிருந்து வந்தது காதில் இருந்தது. ஏடு நினைவூட்டும் குறிப்புதான். யாப்பும் பொருளும் தெரிந்தவனுக்குப் புள்ளி தேவைப்படவில்லை. தெரியாதவன் ஏட்டைத் தொடப்போவதில்லை என்பதும் அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தது. தொடக்கூடாதவர்கள் யார் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டறியாத ஒருவன் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று வருகிறபோதுதான் குறைபாடு குறைபாடாகத் தெரிகிறது. அது இத்தாலியிலிருந்து வந்த ஒரு பாதிரியார் கண்ணில் பட்டதில் வியப்பில்லை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடில் ஏகாரத்தையும் ஓகாரத்தையும் சுழித்துக் காட்டினார். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாடு அவருடையது. தமிழ் இலக்கணம் குறிலை அடையாளப்படுத்தச் சொன்னது. பெஸ்கி நெடிலை அடையாளப்படுத்தினார். அதாவது மரபைத் தலைகீழாக்கினார். இன்று இரட்டைக்கொம்பை அந்நியச் சதி என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. எழுத்துச் சீர்திருத்தத்தை எதிர்த்து எழுதிய தமிழறிஞர்களும் தங்கள் எதிர்ப்பை அந்த இரட்டைக்கொம்போடுதான் எழுத வேண்டியிருந்தது. வேறு எப்படி எழுதுவார்கள்? அவர்கள் பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழ் அதுதானே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எழுத்தில் புனிதம் ஏதுமில்லை, அது ஒரு கருவி என்பது பெரியாரின் நிலை. அச்சுக்கோப்பவருக்கு எத்தனை அச்சு வேண்டும், தட்டச்சுப் பொறிக்கு எத்தனை விசை வேண்டும் என்ற கணக்குகள்தான் அதில் முன்னே வருகின்றன. ஐ, ஔ இரண்டும் வேண்டாம், அய், அவ் போதும் என்றும் அவர் சொன்னார். 1978 ஆணை அதை மட்டும் விட்டுவிட்டது. விளைவு என்ன? 'அய்யா' என்று எழுதினால் எழுதியவர் எந்தப் பக்கம் என்று வாசகர் உடனே கண்டுகொள்கிறார். லை எந்தக் கட்சியையும் சுட்டாமல் போனது. அய் ஒரு கொடியாக நின்றுவிட்டது. எழுத்திலிருந்து புனிதத்தைக் கழிக்கப் புறப்பட்ட காரியத்தின் மிச்சமே ஓர் அடையாளக்குறியாகிவிட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்ட மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, மறுக்கப்பட்டது தெரிந்துகொண்டே இருக்கிறது.

உகர ஊகார வரிசைக்கு வருவோம். 18 மெய்க்கு 36 உருவம். கு ஒரு மாதிரி, டு ஒரு மாதிரி, மு இன்னொரு மாதிரி. குழந்தை அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறது. இவற்றுக்குப் பொதுக்குறி வேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி நெடுங்காலம் வாதாடினார். 2010 கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி இந்தப் பேச்சு மறுபடி எழுந்தபோது கடும் எதிர்ப்பு வந்தது; மாற்றம் வரவில்லை. எதிர்த்தவர்களில் பலர் புது லையை எழுதிப் பழகியவர்கள். 1978இல் நின்ற இடமே அவர்களுக்கு இயற்கையின் எல்லை. 13ஐ மாற்றியது சீர்திருத்தம், 36ஐ மாற்றுவது சிதைவு.

ஆனால் அவர்கள் பயத்தைக் கேலி செய்துவிட்டுப் போகவும் முடியாது. துருக்கியில் 1928இல் முஸ்தபா கெமால் அரபு எழுத்தை நீக்கி ரோமன் எழுத்தைக் கொண்டுவந்தார். ஒரே தலைமுறையில் தாத்தாவின் கடிதம் பேரனுக்குப் புரியாத கிறுக்கலானது. பின்னால் சொற்களும் களையப்பட்டன. 1927இல் கெமாலே நிகழ்த்திய நெடும் உரையை இன்றைய துருக்கியில் பெயர்த்துப் போட வேண்டிவந்தது. 13 உருவத்தை மாற்றுவதும் இதுவும் ஒன்றல்ல. பழைய அச்சுப் புத்தகத்தை எடுத்த என்னைப் போன்ற ஒருவருக்குப் பத்துப் பக்கத்தில் கண் பழகிவிடும். 36ஐ மாற்றினால் எத்தனை பக்கம் ஆகும்? இதைத்தான் கணக்கிட்டுப் பேச வேண்டும். 'மரபு', 'முன்னேற்றம்' என்று இரண்டு தரப்பும் கத்திக்கொண்டிருப்பதில் இந்தக் கணக்கு காணாமல் போகிறது. புதிதாகப் படிக்க வருகிற குழந்தையின் சிரமத்தையும் ஏற்கெனவே படித்தவரின் சிரமத்தையும் ஒரே தராசில் வைத்தால், பேசுகிற இடத்தில் இருப்பவர் எப்போதும் ஏற்கெனவே படித்தவர்தான்.

கேரளத்தில் கதை வேறு திசையில் போனது. தட்டச்சுக்காகக் கூட்டெழுத்துகளைப் பிரித்து 1971இல் அரசு புதிய லிபியைக் கொண்டுவந்தது. உகரக் குறிகள் மெய்யிலிருந்து தனியே கழன்று நின்றன. கணினி வந்தவுடன் தட்டச்சுப் பொறியின் நியாயம் காலாவதியானது. 'ரசனா' எழுத்துருக்காரர்கள் பழைய லிபியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பழைய உருவங்கள் சிலவற்றை மீட்க 2022இல் அரசே இறங்கியது. தமிழிலும் கணினிக்குப் பழைய ணை, புதிய ணை என்ற பேதம் கிடையாது. சேமிக்கப்படுவது ஒரே குறியீடு, உருவம் எழுத்துருவைப் பொறுத்தது. விரும்பினால் இந்தக் கட்டுரையையே தும்பிக்கையோடு அச்சடித்துக்கொள்ளலாம். ஒரு எழுத்தைக்கூட மாற்றித் தட்ட வேண்டியதில்லை.