காக்களூர் மேடையில் கொடுத்த லேப்டாப் எதையெல்லாம் தாங்கணும்?

இன்னைக்கு எபிசோட் ஒரு தேதியில தொடங்குது: 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை ஒட்டின காக்களூர்ல ஒரு அரசு விழா. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கிற திட்டத்தோட சேர்த்து, மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கிற திட்டத்தையும் அங்கேதான் தொடங்கி வைச்சார். முதல் ஆண்டுக்கு 9.12 லட்சம் லேப்டாப், ஐந்து ஆண்டுல 68 லட்சம்ங்கிறது அறிவிப்பு. வாங்கிக் கொடுக்கிற வேலை எல்காட் நிறுவனத்துக்கு.

அந்தத் திட்டத்தோட அரசியலைப் பத்தி நிறைய பேசியாச்சு. ஓட்டுக்கா, கல்விக்கான்னு பட்டிமன்றமே நடந்தாச்சு. நான் கேட்கிறது வேற கேள்வி. மேடையில கை மாறின அந்தப் பெட்டி, மறுநாள் காலையில எந்த மாதிரி வீட்ல கண் முழிச்சது?

நான் இந்தப் பக்கத்துக்காரன். திருவள்ளூருக்குக் கிழக்கே காக்களூர், மேற்கே திருப்பதி போற ரோட்டுல திருப்பாச்சூர். நடுவுல சில கிலோமீட்டர்தான். இங்கே நிறைய வீட்ல ஷீட் கூரை, ஹால்ல ஒரே ஒரு ப்ளக் பாயின்ட், படிக்கத் தனி மேசை கிடையாது. மே மாசம் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். நெடுஞ்சாலை லாரிகள் கிளப்புற தூசி ஜன்னல் வழியா உள்ளே வரும். ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் நிற்க இடமில்லாத பஸ்ல போகணும்.

ஏசி அறையில, மேசை மேல உட்கார்றதுக்குன்னு செஞ்ச ஒரு மெஷின் இந்த உலகத்துக்குள்ள வந்துச்சு. அந்த வீட்ல அதுதான் முதல் கம்ப்யூட்டர். உடைஞ்சா இன்னொண்ணு வாங்க முடியாது.

இதையெல்லாம் தாங்கணும்னே செய்யப்பட்ட லேப்டாப்புகளும் உலகத்துல உண்டு. 'ரக்கட் லேப்டாப்'னு சொல்வாங்க. முரட்டுச் சூழலுக்கான லேப்டாப். அதோட கதையைத் தெரிஞ்சுக்கிட்டா, நம்ம கையில இருக்கிற சாதாரண லேப்டாப்பை எப்படிப் பார்த்துக்கணும்னு புரியும்.

மக்னீசியப் பெட்டி

1982-ல அமெரிக்காவுல 'கிரிட் காம்பஸ்'னு ஒரு கம்ப்யூட்டர் வந்துச்சு. மடிச்சு மூடுற வடிவத்துல வந்த ஆரம்பகால கம்ப்யூட்டர்கள்ல அது முக்கியமானது. வடிவமைச்சவர் பில் மாக்ரிட்ஜ். வெளிப்பெட்டி மக்னீசியக் கலவை உலோகம். உள்ளே சுழல்ற டிஸ்க் கிடையாது. அசையாத 'பபிள் மெமரி'. விலை 8,150 டாலர். அந்தக் காலத்துல அது ஒரு கார் விலை! யார் வாங்குவாங்க? அமெரிக்க ராணுவம் வாங்குச்சு. நாசா அதை விண்வெளி ஓடத்துல ஏத்துச்சு.

இந்த மெஷின்லேயே ரக்கட் லேப்டாப்போட இலக்கணம் முழுசா இருக்கு. உடம்பு உலோகமா இருக்கணும். உள்ளே அசையிற பாகம் குறைவா இருக்கணும். கூடவே மூணாவது ஒண்ணு: வாங்குறவங்க கையில பணம் இருக்கணும். 1996-ல பானசோனிக் நிறுவனம் 'டஃப்புக்' வரிசையைத் தொடங்கினப்பவும் கதை இதுதான். போலீஸ், ராணுவம், எண்ணெய் வயல், தொழிற்சாலை. தாங்கும் சக்திக்குத் தனி விலை.

26 தடவை கீழே போடு

விளம்பரங்கள்ல 'மில்-ஸ்டாண்டர்டு 810'னு பார்த்திருப்பீங்க. அமெரிக்க விமானப் படை 1962-ல வெளியிட்ட சோதனை முறை அது. வெயில், குளிர், அதிர்வு, தூசி, ஈரம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சோதனை உண்டு. அதுல புகழ்பெற்றது கீழே போடுற சோதனை. 122 சென்டிமீட்டர் உயரம், அதாவது கையில பிடிச்சு நிற்கிற ஒருத்தரோட இடுப்புக்குக் கொஞ்சம் மேல. அங்கிருந்து 26 தடவை போடணும். ஏன் 26? ஒரு பெட்டிக்கு முகம் 6, விளிம்பு 12, மூலை 8. கூட்டிப் பாருங்க.

இதுல எனக்குச் சுவாரசியமா பட்டது வேற ஒண்ணு. அந்த 26 விழுதலையும் ஒரே மெஷின் தாங்கணும்னு கட்டாயம் இல்லை. ஐந்து மெஷின் வரைக்கும் பிரிச்சுக்கலாம். சோதனையைப் பெரும்பாலும் கம்பெனியே நடத்திக்கும், இல்லேன்னா தனியார் ஆய்வுக்கூடத்துல கொடுக்கும். அமெரிக்க ராணுவம் சான்றிதழ் எதுவும் கொடுக்கிறதில்லை. அதனால 'ராணுவத் தரம்'னு ஸ்டிக்கர் பார்த்தா, எந்தெந்தச் சோதனை செஞ்சாங்கன்னு கேளுங்க.

இன்னொரு எண் 'ஐபி'. 1976-ல சர்வதேச அளவுல வந்தது. ஐபி 65-னா, முதல் எண் 6: தூசி உள்ளே போகவே போகாது. ரெண்டாவது எண் 5: குழாய்ல பீய்ச்சுற தண்ணியைத் தாங்கும். ஆனா ஒரு நிபந்தனை. சார்ஜர், யூஎஸ்பி துளைகள் மேல இருக்கிற ரப்பர் மூடியெல்லாம் அழுத்தி மூடியிருக்கணும். ஒரே ஒரு மூடி திறந்து தொங்கினா, லட்ச ரூபா மெஷினும் சாதா மெஷின்தான். ஆக, விலை உயர்ந்த ரக்கட் லேப்டாப்லகூடப் பாதுகாப்போட ஒரு பங்கு பயன்படுத்துறவங்க கையிலதான் இருக்கு.

ஏழைப் பிள்ளைக்கு ஒரு ரக்கட் லேப்டாப்

இந்த உறுதியை ஏழைக் குழந்தைகளுக்கும் கொண்டுபோகணும்னு ஒருத்தர் நினைச்சார். எம்ஐடி பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே. 2005-ல 'குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தை அறிவிச்சார். இலக்கு 100 டாலர். அந்த வருஷம் நவம்பர்ல, துனிசியாவுல நடந்த ஐ.நா. மாநாட்டுல மாதிரி மெஷினைக் காட்டினாங்க. கையால சுத்திச் சார்ஜ் ஏத்துற கைப்பிடி ஒண்ணு அதுல இருந்துச்சு. ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் சுத்திப் பார்த்தார். கைப்பிடி கையோட வந்துடுச்சு!

2007 கடைசியில தயாரான மெஷின்ல அந்தக் கைப்பிடி இல்லை. ஆனா மத்த விஷயங்கள் அருமை. தண்ணி புகாத ரப்பர் கீபோர்டு. ஃபேன் கிடையாது, சுழல்ற டிஸ்க் கிடையாது. வெயில்லயும் படிக்கக்கூடிய திரை. முயல் காது மாதிரி ரெண்டு வைஃபை ஆன்டெனா. மடிச்சா அதுவே பக்கவாட்டுத் துளைகளை மூடிக்கும். மகாராஷ்டிராவுல கைராட் கிராமப் பள்ளியில 2007-ல சோதிச்சுப் பார்த்தாங்க. ஆனா மத்திய மனிதவள அமைச்சகம் 2006-லேயே திட்டத்தை ஏத்துக்க மறுத்திருந்துச்சு. விலையும் 200 டாலரை நெருங்கிடுச்சு.

நாலு வருஷம் கழிச்சு, தமிழ்நாடு வேற வழியில போச்சு. கடையில கிடைக்கிற முழுமையான, பெரிய லேப்டாப்பையே மொத்தமா வாங்கிக் கொடுத்துச்சு. மாணவர் பக்கம் நின்னு பார்த்தா இது கௌரவமான முடிவு. பணக்கார வீட்டுப் பையன் வைச்சிருக்கிற அதே மாதிரி மெஷின். குழந்தைப் பொம்மை மாதிரி ஒண்ணைக் கொடுத்து ஒதுக்கலை. ஆனா உறுதிக்கான செலவு மட்டும் சத்தமில்லாம கை மாறிடுச்சு. மெஷின் தாங்காததை வீடு தாங்கணும். அந்த வேலை பதினேழு வயசுப் பிள்ளைங்க தலையில விழுந்துச்சு.

மின்வெட்டுக் காலத்து பேட்டரி

அந்த லேப்டாப்ல இருந்தது சுழல்ற ஹார்டு டிஸ்க். லேப்டாப் டிஸ்க் வழக்கமா நிமிஷத்துக்கு 5,400 சுற்று. ஒரு நொடிக்கு 90. தட்டுக்கு மேல, தலைமுடி தடிமன்ல பல ஆயிரத்துல ஒரு பங்கு இடைவெளியில, படிக்கிற முனை மிதக்கும். ஓடிட்டு இருக்கும்போது பஸ் பள்ளத்துல இறங்கினா, முனை தட்டுல உரசலாம். ஐபிஎம் 2003-லேயே திங்க்பேட்ல இதுக்கு ஒரு வழி செஞ்சது. கீழே விழப்போறதை உணர்ந்து முனையை ஒதுக்கிடும். விலை குறைந்த மெஷின்ல அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. அதனால பழைய ஹார்டு டிஸ்க் லேப்டாப் இன்னும் வைச்சிருக்கிறவங்க, ஷட் டவுன் ஆகி சத்தம் நின்ன பிறகுதான் பையில வைக்கணும். திரை ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கவே கூடாது. அடியில ரெண்டு கை.

2012 ஞாபகம் இருக்கா? சென்னைக்கு வெளியே மின்வெட்டு பத்து மணி நேரத்தைத் தொட்ட நாட்கள் உண்டு. விலையில்லா லேப்டாப் வந்த கொஞ்ச நாள்லேயே இது. கரன்ட் இருக்கிற நேரமெல்லாம் ப்ளக்ல சொருகி வைக்கிறதுதான் அப்ப ஒரே வழி. லித்தியம் அயான் பேட்டரிக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு சூடு, இன்னொண்ணு எப்பவும் 100 சதவீதத்துலயே கிடக்கிறது. ஷீட் கூரைக்குக் கீழே ரெண்டும் சேர்ந்தே வரும்.

இன்னைக்கு உங்க மெஷின்ல 80 சதவீதத்தோட சார்ஜை நிறுத்துற வசதி இருந்தா, அதைப் போட்டு வைங்க. மெத்தை மேல, தலையணை மேல வைக்காதீங்க. அடியில காத்துத் துளை அடைபடும். ஒரு பலகையோ பரீட்சை அட்டையோ போதும்.

சார்ஜர் மேல '100-240'னு போட்டிருக்கும். லோ வோல்டேஜை அது சமாளிக்கும். ஆபத்து, கரன்ட் போய் திரும்ப வர்ற அந்த நொடியில பாயுற அதிக வோல்டேஜ். கரன்ட் போனதும் ப்ளக்கைப் பிடுங்கிடுங்க, வந்து ரெண்டு நிமிஷம் கழிச்சுச் சொருகுங்க. உலோக லேப்டாப்பைத் தொட்டா லேசா விறுவிறுன்னு இருக்கா? மூணு பின் ப்ளக்கை ரெண்டு பின் பாயின்ட்ல சொருகியிருப்பீங்க, இல்லேன்னா வீட்ல எர்த் சரியா இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

பேட்டரி உப்பினா டச்பேட் மேலே எழும்பும், மூடி சரியா மூடாது. அப்ப சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க, குத்தாதீங்க. 2006-ல சோனி செஞ்ச பேட்டரிகள் தீப்பிடிச்சதால, டெல் நிறுவனம் மட்டும் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்ப வாங்குச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே பயம் இருந்துச்சுன்னா, நமக்கும் இருக்கணும்.

தண்ணியும் உப்பும்

2015 டிசம்பர் வெள்ளம் சென்னையை மட்டும் முக்கலை. காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களும் மூழ்கின. வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி வந்தா, ரேஷன் கார்டோட சேர்த்து பரண் மேல ஏறினது லேப்டாப்தான்.

நனைஞ்சுட்டா என்ன செய்யணும்? முதல்ல உங்க உயிர். ஈரத்துல நின்னுக்கிட்டு ப்ளக்கைத் தொடாதீங்க, மெயினை அணைங்க. அப்புறம் பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க. கழட்டுற பேட்டரின்னா கழட்டுங்க. கீபோர்டு கீழே பார்க்கிற மாதிரி கூடாரம் போலக் கவிழ்த்து வைங்க. 'ஓடுதான்னு ஒரு தடவை பார்ப்போமே'ன்னு ஆன் பண்றதுதான் நிறைய மெஷினைக் கொல்லுது. அரிசிக்குள்ள புதைக்கிறதால பலன் இல்லை, மாவுத் தூசிதான் உள்ளே போகும். வெள்ளத் தண்ணியில சேறும் உப்பும் இருக்கும். காஞ்சாலும் அது போகாது, சர்வீஸ் ஆள் திறந்து சுத்தம் பண்ணணும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இன்னொரு பிரச்சினை. பழவேற்காடு பக்கம், கடல் பக்கம். காத்துல உப்பு. இரும்பு வேலை நடக்கிற இடத்துல உலோகத் தூள். அது மின்சாரத்தைக் கடத்தும், சர்க்யூட்ல படிஞ்சா ஷார்ட் ஆகும். அங்கே ரக்கட் லேப்டாப் கொடுத்திருந்தா, ஷிஃப்ட் முடிஞ்சதும் ஈரத்துணியால துடைச்சு, ரப்பர் மூடிகள்ல விரிசல் இருக்கான்னு பாருங்க. ஏசி அறையில இருந்து வெளியே எடுத்துட்டு வந்தா, கண்ணாடி மேல படியிற மாதிரி நீர்த்துளி படியும். பதினைஞ்சு நிமிஷம் பொறுத்து ஆன் பண்ணுங்க.

உறுதிக்கு யார் விலை கொடுக்கிறது?

2025 மார்ச் பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு தமிழ்நாடு அரசு அறிவிச்சது. அப்ப ப்ராசசர் என்ன, ரேம் எவ்வளவுன்னுதான் நிறைய பேர் கேட்டாங்க. எனக்கு வேற கேள்விகள் இருக்கு. மூணாவது வருஷம் பேட்டரி போனா மாத்துறது எங்கே? கீல் உடைஞ்சா திருவள்ளூர்லயே பாகம் கிடைக்குமா? எப்படித் தூக்கணும், எப்படிச் சார்ஜ் போடணும்னு யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லித் தருவாங்களா?

கிரிட் காம்பஸ் 8,150 டாலர் கொடுத்து வாங்கின உறுதியை, நம்ம ஊர்ப் பிள்ளைங்க பழைய துணியில சுத்தியும், பரண்ல ஏத்தியும், மடியில வைச்சுப் பஸ்ல நின்னும் உண்டாக்கினாங்க. அந்த உழைப்பு எந்தக் கணக்கு நோட்டுலயும் ஏறலை. அடுத்த தடவை டெண்டர் எழுதுறவங்க, அதுக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும்.

உங்க வீட்ல அந்த விலையில்லா லேப்டாப் இன்னும் ஓடுதா? எப்படி இத்தனை வருஷம் காப்பாத்தினீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.